ஜல்லிக் குவியலில் சிவப்பு டேக்

அன்றைக்கு ஜல்லிக் குவியல் பக்கத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நான். என் வீட்டுக்காரி. நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர். ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெருவிலிருந்து வந்திருந்த பேங்க் சார். எங்கள் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்த திருநெல்வேலித் தம்பி. அப்புறம் டிராக்டர்காரர். இவர்களைத் தவிர ஆள்காட்டிக் குருவி இரண்டு, முட்டை நான்கு. நாய் ஒன்று வந்து பார்த்துவிட்டு இது நமக்குச் சரிப்படாது என்று திரும்பிப் போனது, அதை நான் சேர்க்கவில்லை.

இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பிற்பாடு இவர்களில் ஒருத்தர், அந்த ஞாயிற்றுக்கிழமை தான் மதுராந்தகத்தில் இருந்ததாகச் சொன்னார் என்று கேள்வி. மதுராந்தகமும் இல்லை, ஒன்றும் இல்லை. இங்கேதான் இருந்தார். அவருடைய குடை இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

அப்போது நான் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. படிப்பு எட்டாவது. அதற்கு மேல் படிக்காததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ரிசல்ட் ஒட்டின அன்றைக்குப் போய்ப் பார்க்கப் பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். மறுநாளும் பயம். ஸ்கூல் திறக்கிற சமயத்தில், ஃபெயிலாகி இருந்தால் மானம் போய்விடுமே என்று மாமாவோடு செங்கல் சூளைக்குக் கிளம்பிவிட்டேன். நான் பாஸ் என்பது மூன்று வருஷம் கழித்து டி.சி. வாங்கப் போனபோதுதான் தெரிந்தது.

இப்படிப்பட்டவனுக்குச் செக்யூரிட்டி வேலை பொருத்தம். கேட்டைப் பூட்டிவிட்டு நான்கு தடவை இழுத்துப் பார்ப்பேன். சம்பளம் கொடுத்தார்கள். அதையே வீட்டில் காஸ் சிலிண்டரிடம் செய்தால் பொண்டாட்டி வியாதி என்கிறாள்.

கேட்டில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ரெஜிஸ்டர். தேதி, பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், வந்த காரணம், கையெழுத்து. எட்டு வருஷம் இதையே எழுதி எழுதி, கண்ணில் படுகிற எதையும் இப்படித்தான் பார்ப்பேன். பென்னலூர் பக்கம் குடிவந்த பிறகு வீட்டிலும் ஒரு நீள நோட்டு போட்டேன். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல், அதிலிருந்து வழிகிற தண்ணீர் தேங்கின ஒரு சின்னக் குட்டை, ஒரு முருங்கை மரம், அதைத் தாண்டி ஓனரின் காலி மனை. நைட் டியூட்டி முடிந்து வந்தால் தூக்கம் வராது. கேட்டைப் பூட்டினோமா என்ற யோசனை. பின்வாசல் படியில் உட்கார்ந்து வருவதைப் போவதை எழுதுவேன். மைனா இரண்டு, உள்ளே 7.40, வெளியே 7.52, காரணம் புழு. தேன்சிட்டு ஒன்று, காரணம் முருங்கைப்பூ. காகம் ஐந்து, காரணம் எங்கள் வீட்டுத் தோசை. கையெழுத்து என்கிற கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. ஒரே ஒருநாள் மரத்திலிருந்த காகம் ஒன்று நேராக நோட்டின் மேலேயே போட்டுவிட்டுப் போனது. அது சரியாக அந்தக் கட்டத்தில் விழுந்திருந்தது.

இந்த நோட்டை யாரிடமும் காட்டியதில்லை. காட்டினால் சிரிப்பார்கள் என்று பயம்.

பேங்க் சார் எனக்குப் பழக்கமானது கேட்டில்தான். ஒருநாள் சாயங்காலம் வேட்டி கட்டின ஒருத்தர், கழுத்தில் பைனாகுலரோடு, எங்கள் கம்பெனி காம்பவுண்டு சுவருக்கு மேலே எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சார், என்ன வேணும் என்றேன். வாட்டர் டேங்கின் உச்சியைக் காட்டி, வாயில் விரல் வைத்து உஸ் என்றார். டேங்கின் மேல் ஒரு செம்பருந்து. கேட் விதி என்று ஒன்று இருக்கிறதே. அவரைக் கூப்பிட்டு ரெஜிஸ்டரில் பெயர் எழுதி, வந்த காரணம் என்ற இடத்தில் பருந்து என்று போட்டேன். மறுநாள் சூப்பர்வைசர் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "பருந்து எந்த டிபார்ட்மென்ட்டுய்யா?" என்று கேட்டார். ஷிப்ட் முடிந்து பக்கத்தில் பேக் செக்கிங்குக்காக நின்றிருந்த ஒரு பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன்தான் குவாலிட்டி தம்பி. சிரித்து முடித்துவிட்டு, எந்தப் பருந்து, செம்பருந்தா கரும்பருந்தா என்று கேட்டான். அப்போதுதான் இவனும் இந்தக் கிறுக்குப் பிடித்த ஆள் என்று தெரிந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோட்டோரத்து டீக்கடையில் மூன்று பேரும் கூடுவது வழக்கமானது. அந்த வாரம் யார் என்ன பார்த்தது என்று சொல்ல வேண்டும். முதலில் பேங்க் சார். முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து ஊர்ப்பணத்தை எண்ணி ரிட்டயர் ஆனவர். அவருக்குச் சாதாரணப் பறவை என்றால் சில்லறைக் காசு மாதிரி. சைபீரியாவிலிருந்து கிளம்பி இமயமலையைத் தாண்டி வந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைனாகுலரை உறையிலிருந்தே எடுக்க மாட்டார். ஏரியில் ஊசிவால் வாத்து ஒரு ஜோடி என்று ஆரம்பித்தால், டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டும்வரை பேசுவார். அடுத்தது தம்பி. அவன் ஊர்ப்பக்கம் கூழைக்கடா வீட்டு மரத்தில் வந்து குஞ்சு பொரிக்குமாம், ஊர்க்காரர்கள் பட்டாசே வெடிக்க மாட்டார்களாம். அவன் சொன்னதில் பாதி பொய் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் எல்லாம் நிஜம்.

மூன்றாவது நான். "ஒண்ணும் இல்ல சார்" என்பேன். இரண்டு மாதம் இதையேதான் சொன்னேன். வீட்டில் நாற்பது பக்கம் எழுதி வைத்துக்கொண்டு ஒன்றும் இல்லை என்றேன். மைனா, காகம், தோசை என்று அந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது?

சொல்ல வைத்தது பயம்தான்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. ஆள்காட்டி ஒன்று எங்கள் துவைக்கிற கல் பக்கம் வர ஆரம்பித்தது. நீளமான மஞ்சள் கால், சிவப்பு மூக்கு, பார்த்தால் எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் மாதிரி விறைப்பு. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பதுதான் அதற்கும் வேலை. அதற்கு யூனிஃபார்ம் சும்மா கொடுத்திருக்கிறது, எனக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த விறைப்பான ஆசாமி குட்டைக்குள் இறங்கி, வயிறு முழுக்க நனைகிற மாதிரி உட்காரும். எழுந்திருக்கும். மறுபடி உட்காரும். உடம்பை உதறாமல் அப்படியே சொட்டச் சொட்டப் பறந்துபோகும். அரைமணி கழித்து மறுபடியும் வரும். ஒரு பகலில் பதினோரு தடவை எழுதியிருக்கிறேன். காரணம்: குளியல். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் குளியலுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

பதினோரு தடவை யார் குளிப்பார்கள்? அரிப்பு இருக்கிறவர்கள் குளிப்பார்கள். அரிப்பு எதனால் வரும்? சோப்புத் தண்ணியால் வரும். குட்டையில் இருப்பது யார் வீட்டுச் சோப்புத் தண்ணி? அன்றைக்கே என் வீட்டுக்காரியிடம் இனிமேல் இந்தக் கல்லில் துணி துவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வெறும் தண்ணி மட்டும் ஊற்றி வைத்தால் போதும் என்றேன்.

அவள் சோப்பை டப்பாவில் போட்டு மூடினாள். "குருவிக்கு சொறி வந்துடும்னு நான் பக்கெட்டைத் தூக்கினு கைபம்புக்குப் போவணுமா?"

போனாள். போகிற வழியெல்லாம் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் காரணத்தைச் சொல்லிக்கொண்டே போனாள்.

அந்த வார ஞாயிறு, என் முறை வந்தபோது ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆள்காட்டி சார், பதினாறு நாளாகக் குளிக்கிறது, ஏதாவது சீக்காக இருக்குமோ என்று கேட்டுவிட்டேன்.

பேங்க் சார் சிரித்தார். "ஓய், ஆள்காட்டியெல்லாம் ஒரு சேதியா? அது வரப்புக்கு வரப்பு கத்திண்டு கிடக்கும். இதுக்கா இவ்ளோ விசாரம்?"

எனக்கு முகம் செத்துவிட்டது. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, நேரமாச்சு என்று கிளம்பப் போனேன். அப்போது தம்பி என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, நில்லுங்க. உங்க வீட்டுக்குப் பொறத்தால ஜல்லி கொட்டிக் கெடக்குல்லா, எங்க ரூம் மொட்டை மாடிலேருந்து பாத்தா தெரியும். அது மேல ஒரு ஆள்காட்டி உக்காந்தே கெடக்கு. நானும் ரெண்டு வாரமா பாக்கேன். கால் ஒடிஞ்ச பறவை போலன்னு நெனச்சேன். சொன்னா சார் வைவாவன்னு சொல்லல."

பேங்க் சார் சிரிப்பதை நிறுத்திவிட்டார். எத்தனை மணிக்கு என்றார், என்னிடம். என் நோட்டு வீட்டில் இருந்தது. நான் ஓடினேன். பத்து நிமிஷத்தில் நோட்டோடு திரும்பி வந்து பெஞ்சின் மேல் விரித்தேன். காகம் கையெழுத்துப் போட்ட பக்கத்தை மட்டும் மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

தம்பிக்கு அந்த வாரம் முழுக்க இரண்டாவது ஷிப்ட், காலையில் மாடியில் பல் விளக்கிக்கொண்டு பராக்குப் பார்க்கிறவன். அவனும் கம்பெனிப் பழக்கத்தில் செல்போன் வந்த பெட்டியின் அட்டைப் பின்பக்கத்தில் நேரம் குறித்து வைத்திருந்தான். ஜல்லியிலிருந்து எழுந்தது 11.10. என் நோட்டில் உள்ளே வந்தது 11.12. என் நோட்டில் வெளியே 11.15. அவன் அட்டையில் ஜல்லியில் திரும்ப உட்கார்ந்தது 11.17. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. ஒரே லாரி ஒரு கேட்டில் அவுட் ஆகி இன்னொரு கேட்டில் இன் ஆன மாதிரி. பேங்க் சார் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார். கவுண்டரில் சாயங்காலம் கணக்கு நேரானால் அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

"குளிக்கலைங்காணும்," என்றார் மெதுவாக. "தண்ணி சுமக்கறது. முட்டை இந்த வெயில்ல வெந்துடாம இருக்கணுமே. வயித்தை நனைச்சிண்டு போய் அது மேல உட்கார்றது."

நான் பதினாறு நாள் பார்த்தது பாதி, குட்டையைத் தாண்டினால் என் ரெஜிஸ்டருக்கு அது வெளியே போனது, அப்புறம் எங்கே போகிறது என்று நான் பார்த்ததில்லை. தம்பி பார்த்தது மீதிப் பாதி. இரண்டு பேரும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, நான் அதைச் சொறி என்றும் அவன் அதை நொண்டி என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஊசிவால் வாத்துக் கதையையே கேட்டுக்கொண்டிருந்தால் கடைசிவரை அப்படியே நினைத்திருப்போம்.

அன்றைக்கே மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். ஜல்லிக் குவியலின் ஒரு ஓரம், நாய் படுத்துப் படுத்துத் தட்டையாகியிருந்தது. அங்கே நான்கு முட்டை. பக்கத்தில் கிடக்கிற ஜல்லிக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தது. பேங்க் சார் குனிந்து பார்த்தவர், பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துப் பூதக்கண்ணாடி மாதிரி கிட்டே வைத்துப் பார்த்தார்.

முட்டை பொரிய இருபத்தெட்டு நாள் ஆகும் என்றார் சார். நோட்டின்படி பதினாறு போய்விட்டது. மீதி பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு நாள் கிடைக்குமா என்பது சந்தேகம். ஏனென்றால் அந்த ஜல்லி ஓனர் தளம் போடுவதற்காக இறக்கியது. கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் அந்த மனையில் வரிசையாக ரூம் கட்டிக்கொண்டிருந்தார். தென்பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று. சுவர் எழும்பிவிட்டது. தளம் வார்க்க அடியில் முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் ஷீட் மறைமலை நகரில் வேறு ஒரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தது, அது வந்ததும் தளம்.

ஓனரிடம் எப்படிக் கேட்பது என்று நான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். அவர் கோபப்பட்டு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டால்? அட்வான்ஸைத் தராவிட்டால்? மூன்றாவது நாள் என் வீட்டுக்காரி போகிற போக்கில் அவரிடம் கேட்டுவிட்டாள்.

"இன்னாது, என் ஜல்லியில முட்டையா?" என்றார் ஓனர். "காசு குட்த்து எறக்கன ஜல்லிம்மா அது."

"அதாண்ணா. இந்த ரோட்டுல எவ்ளோ ஜல்லி கொட்டிக் கீது, எல்லாத்தையும் வுட்டுட்டு உன் ஜல்லில வந்து வெச்சிகீது பாரு. நல்ல சரக்குன்னு அதுக்கே தெரிஞ்சிகீது."

ஓனருக்கு இது பிடித்துப்போனது. மேஸ்திரியிடம்கூட அதையே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஆள் கறார். எங்கள் கணக்கில் முட்டையைப் பார்த்த ஞாயிறிலிருந்து பத்து நாள், அதற்கு மேல் ஒருநாள்கூட இல்லை, ஷீட் வந்தால் தளம் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு வேண்டியது பன்னிரண்டு. அவர் கொடுத்தது பத்து. நடுவில் அந்த இரண்டு நாளை நோட்டில் பாக்கி என்று எழுதி வைத்தேன்.

அதற்கிடையில் யாராவது தெரியாமல் ஜல்லியை அள்ளிவிட்டால்? இதைச் சொன்னதும், கவலைப்படாதிய என்று தம்பி ஒரு டேக் கொண்டுவந்தான். கம்பெனியில் சரக்கு மேல் கட்டுகிற அட்டை டேக். பச்சை என்றால் நல்ல சரக்கு. மஞ்சள் என்றால் நிறுத்தி வைத்தது, குவாலிட்டி முடிவு சொல்கிறவரை ஒருத்தரும் தொடக் கூடாது. சிவப்பு என்றால் கழித்தது, ஸ்கிராப் வண்டிக்குப் போய்விடும். எங்களுக்கு வேண்டியது மஞ்சள். மஞ்சள் டேக்கை சூப்பர்வைசர் எண்ணித்தான் கொடுப்பாராம். சிவப்புக்குக் கணக்கு கிடையாது, இறைந்து கிடக்கும். அதனால் சிவப்பில் ஒன்றை எடுத்து, தொடாதே என்று பேனாவால் எழுதி, ஒரு கம்பியில் கட்டிக் குவியல் நடுவில் நட்டு வைத்தான்.

எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் எனக்கு எல்லாமே உறுத்தும். அதனால் நான் பொருட்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, டீக்கடையில் கூடிவிட்டு, முட்டையைப் பார்க்கலாம் என்று மூன்று பேரும் நடந்து வந்தோம். சார் வெயிலுக்குக் கருப்புக் குடை பிடித்திருந்தார். தூரத்திலேயே ஆள்காட்டி கத்துகிறது கேட்டது. ஒன்று இல்லை, இரண்டு. திருப்பம் திரும்பினால் மனைக்குள் டிராக்டர் நிற்கிறது. ஒருத்தர் ஜல்லியை ட்ரெய்லரில் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். குவியலில் பாதியைக் காணோம்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு செருப்பை இரண்டு நாள் கழித்து வேலிக்கு அந்தப் பக்கம் கண்டெடுத்தேன். போய்க் குவியலின் மேலேயே விழுந்தேன். முட்டை இருந்த ஓரத்துக்கும் மண்வெட்டி வெட்டின இடத்துக்கும் நடுவில் இரண்டு சாண். நான்கு முட்டையும் இருந்தது.

டிராக்டர்காரர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். தலையில் துண்டை மூன்று சுற்று சுற்றியிருந்தார். "இன்னா சார் இது, காலையிலேர்ந்து இந்த ரெண்டு குருவியும் என் தலையவே கொத்த வருது. இப்ப நீ வேற வந்து வுழற."

அவரை ஓனர் கூப்பிட்டது பழைய சுவரை இடித்த கட்டிடக் கழிவை அள்ளத்தான். பக்கத்திலேயே கிடக்கிறது. ஜல்லியை எதற்குத் தொட்டாய் என்று தம்பி கத்தினான். அவர் நிதானமாக டேக்கைக் காட்டினார். செவப்பு சீட்டு கட்டிக் கீது, செவப்புன்னா கழிச்சதுதானே, பத்து வருஷமாகக் கம்பெனி ஸ்கிராப் அடிக்கிறவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்றார். எழுதியிருந்ததைப் படிக்கவில்லையா என்றதற்கு, கலரு இருக்கும்போது எழுத்து எதுக்கு என்றார். அப்புறம்தான் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீதானே கேட்டாண்ட நிப்ப? செவப்பு சீட்டு இல்லாம ஒரு ஆணியக் கூட வெளிய வுட மாட்டேன்னு என்னை ஒரு மணி நேரம் வெயில்ல நிக்க வெச்சவன் நீதானே?"

நான்தான்.

இதற்குள் என் வீட்டுக்காரி கைபம்பிலிருந்து ஈரத் துணியோடு வந்து சேர்ந்தாள். வீட்டில் இருந்திருந்தால் டிராக்டர் உள்ளே வரும்போதே பார்த்திருப்பாளாம். துவைக்கிற கல்லில் துவைக்க விட்டிருந்தால் வீட்டில் இருந்திருப்பாளாம். அதை அவள் எல்லார் முன்னாலும் சொன்னாள். இன்று வரைக்கும் சொல்கிறாள்.

ஆறு பேரில் கடைசியாக வந்தது ஓனர். பாதிக் குவியலைப் பார்த்துவிட்டு அவர் பேசினதை எழுத முடியாது. முதல் லோடு எங்கே என்றால் படப்பைப் பக்கம் யாரோ பள்ளத்தை நிரப்பக் கேட்டார்களாம், சேற்றில் கொட்டியாகிவிட்டது. அதைத் திரும்பப் பொறுக்க முடியாது.

இவ்வளவு நடக்கும்போது பறவை முட்டை மேல் உட்கார முடியாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. முட்டை வேகுமே என்று எனக்கு உயிர் போனது. பேங்க் சார் தன் குடையை விரித்து முட்டைக்கு நிழலாக ஜல்லியில் செருகினார். கருப்பாகப் பெரிய பருந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது போல. பறவை இன்னும் தூரமாகப் போய்க் கத்தியது. நானே குடையைப் பிடுங்கிக்கொண்டு, எல்லாரையும் என் வீட்டுப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஓனர்கூட வந்தார். ஆறு பேரும் படியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். இருபத்து மூன்று நிமிஷம். அப்புறம் அது குட்டையில் இறங்கியது, நனைந்தது, சொட்டச் சொட்டப் போய் முட்டை மேல் உட்கார்ந்தது.

டிராக்டர்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஆஹாங். அதான் மேட்டரா."

ஓனர் கோபம் ஆறியிருக்கவில்லை, ஆனால் கத்தவில்லை. போன பாதி ஜல்லி அறுநூறு ரூபாய், அதை நீங்கள் வைக்க வேண்டும் என்றார். புது ஜல்லி வருகிறவரை தளத்துக்கு வழியில்லை, குவாரிக்காரன் வாரக் கடைசியில்தான் கொடுப்பான், சென்ட்ரிங்காரனுக்கு வேறு பதில் சொல்ல வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். வாரக் கடைசி என்றால் பதிமூன்றாவது நாள். எங்களுக்கு வேண்டியது பன்னிரண்டு.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சிரித்துவிட்டால் ஓனர் கொன்றுவிடுவார்.

அறுநூறை நான்காகப் பிரித்தது பேங்க் சார்தான். மனக்கணக்கில் சட்டென்று சொன்னார், தலைக்கு நூற்றைம்பது. நான், தம்பி, சார், டிராக்டர்காரர். என் வீட்டுக்காரி தன்னைச் சேர்க்கக் கூடாது என்று ஈரத் துணியை உதறிக்கொண்டே சொல்லிவிட்டாள். நான் அங்கேயே என் பங்கைக் கொடுத்தேன், கொடுக்காவிட்டால் தூக்கம் வராது. டிராக்டர்காரர் புது ஜல்லியை வண்டி வாடகை இல்லாமல் கொண்டுவந்து கழித்தார். தம்பி ஓ.டி. பணம் வந்ததும் கொடுத்தான். சார், பென்ஷன் ஒண்ணாம் தேதி வரும் என்றார். அதுவரை அவர் பங்கையும் நானே போட்டேன்.

பன்னிரண்டாவது நாள், வெள்ளிக்கிழமை. டியூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன், முட்டை ஓடு உடைந்து கிடக்கிறது, பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி மூன்று குஞ்சு. பொரிந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது, அதற்குள் நடக்கின்றன. தாய் முன்னால், குஞ்சுகள் பின்னால், ஜல்லியிலிருந்து இறங்கி, என் துவைக்கிற கல்லைத் தாண்டி, வேலியோரப் புல்லுக்குள் போய்விட்டன. இருபத்தெட்டு நாள் எங்களைப் படுத்தின பாட்டுக்கு ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதினேன். ஆள்காட்டி இரண்டு, குஞ்சு மூன்று, வெளியே போன நேரம் 9.40.

சாருக்குச் சொல்ல ஒரு ரூபாய் போனுக்கு ஓடினேன். அவர் வீட்டு அம்மா எடுத்தார்கள். வெள்ளிக்கிழமையாச்சே, கோயிலுக்குப் போயிருக்கார் என்றார்கள். அவர் வந்து சேர்ந்தபோது வெறும் ஓடுதான் இருந்தது. நான்காவது முட்டை பொரியவே இல்லை. அதை என்ன செய்வது என்று நாங்கள் யோசிப்பதற்குள் மேஸ்திரி ஆட்கள் வந்து ஜல்லியோடு சேர்த்துக் கலவையில் போட்டுவிட்டார்கள். அந்த முதல் ரூமில் பின்னாடி தம்பியே குடிவந்தான். தளம் ஒழுகினால் எங்களைக் கேட்கக் கூடாது.

ஒண்ணாம் தேதி வந்தது, போனது. நான் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் இருந்தேன். அப்புறம் டீக்கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"யோசிச்சுப் பார்த்தேளா?" என்றார் சார். "அந்தத் தப்பு நடக்கலைன்னா பத்தாம் நாள் தளம் போட்டிருப்பான். குஞ்சே கிடையாது. நன்மை பண்ணின தப்புக்கு யாராவது அபராதம் கட்டுவாளா? அதுவும் குஞ்சைப் பார்க்காதவன் நான்."

கணக்கில் பார்த்தால் அவர் சொன்னது சரி மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். அப்ப அந்த நூத்தம்பதையும் குருவிதான் தரணுமா என்று கேட்டாள்.

ஆனால் ஒன்று. அதற்கப்புறம் டீக்கடையில் முதலில் பேசுகிறது நான்தான் என்று ஆனது. சாரே, உம்ம நோட்டை எடும் ஓய் என்பார். மைனா எத்தனை மணிக்கு வந்தது, முருங்கைப்பூ முடிந்துவிட்டதா, தேன்சிட்டு எங்கே போகிறது என்று குடைவார். அவர் வீட்டுக் கிணற்றடியில் வருகிற தவிட்டுக்குருவியை எண்ண ஆரம்பித்தார். ஏழு என்றார் ஒரு வாரம். அடுத்த வாரம் எட்டு. ஊசிவால் வாத்தைப் பார்த்த முகம் அதில் இருந்தது. டீக்கடைக்காரரும் தன் பங்குக்கு, பாய்லர் பக்கம் வருகிற சிட்டுக்குருவியின் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் கேட்கவில்லை, அவராகவே.

பின்னாடி நான் வேறு கம்பெனிக்கு ஒரகடம் பக்கம் போனேன். வீடும் மாறியது. காலி பண்ணும்போது ஓனர் அட்வான்ஸைப் பைசா குறையாமல் கொடுத்தார், அதற்காக நான் நான்கு வருஷம் பயந்திருந்தேன். ஞாயிறு டீ நின்றுபோனது. சார் மாதம் ஒரு போஸ்ட் கார்டு போடுவார். காகம் 11, மைனா 2, தவிட்டுக்குருவி 8, அணில் சேராது, ஆத்தில் அனைவரும் சௌக்கியம். குடையைப் பற்றிக்கூடக் கேட்பார். வேறு எதைப் பற்றியும் இருக்காது.

நானும் பதில் போடுகிறேன். உள்ளே விழாமல் வழியில் சிக்கிக்கொண்டதோ என்று தபால் பெட்டிக்குள் கையை விட்டு ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். போன வாரம் எழுதினது இது. மைனா 4, உள்ளே 7.05. கரிச்சான் 1, கம்பியில். ஆள்காட்டி 2, கம்பெனிக்குப் பின்னால் புதிதாகக் கொட்டின ஜல்லி மேல், டேக் எதுவும் கட்டவில்லை. குடை பத்திரம். பாக்கி ரூபாய் 150.